லத்தீன் வாக்கியம் தமிழில் இடறும்போது: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழிமுறை

யாழ்ப்பாணத்தில் லத்தீன் இன்னும் மூன்று வழிகளால் நம்மிடம் வருகிறது. கொழும்புத்துறைக் குருமடத்தில் படிப்பவர்களுக்குத் திருச்சபை ஏடுகள். பல்கலைக்கழகத்தில் சட்டம் படிப்பவர்களுக்கு ரோமன்-டச்சுச் சட்டத்தின் வழக்குமொழிகள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து பூட்டனின் ஞானஸ்நானப் பதிவைத் தேடுபவர்களுக்குப் பழைய பங்குப் புத்தகம். இந்த மூன்று தரப்பாரின் கொப்பிகளையும் நெடுங்காலமாகத் திருத்தி வருகிறேன். பிழைகள் திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான் விழுகின்றன.

பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றே. லத்தீனை முதலில் ஆங்கிலமாக்கிக்கொண்டு, பிறகு அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்குகிறோம். பாடப்புத்தகமும் அகராதியும் ஆங்கிலத்தில் இருப்பதால் இது இயல்பாக நடக்கிறது. சொல்லின் பொருளை ஆங்கில அகராதியில் பாருங்கள், அதில் பிழையில்லை. வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். வேற்றுமை ஈறு, சொல்லின் வாலில் ஒட்டும் வினா எழுத்து, கடைசியில் நிற்கும் வினை, 'தன்' வேறு 'அவன்' வேறு என்ற பிரிப்பு: இவை லத்தீனிலும் உண்டு, தமிழிலும் உண்டு. ஆங்கிலத்தின் வழியாகப் போனால் இவ்வளவும் நடுவழியில் தொலைந்துபோகும்.

உங்கள் கொப்பியில் தெரியும் அறிகுறிக்கு உரிய தலைப்புக்கு நேரே போங்கள். கெதியாக முடியும் சோதனை முதலில் இருக்கும், நேரமெடுப்பது பின்னால் வரும். லத்தீன் சொற்களைக் கோயிலில் பாடும் உச்சரிப்பில் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எந்தத் தலைப்புக்குப் போனாலும் முதலில் பென்சிலால் வினைமுற்றுக்குக் கீழே கோடு போடுங்கள். கைப்பேசி மொழிபெயர்ப்பைக் கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலில் பார்த்தால் அதன் வாக்கியம் மனதில் பதிந்துவிடும், பிறகு லத்தீனை வடிவாகப் பார்க்க மாட்டீர்கள்.

அறிகுறி: செய்தவரும் செய்யப்பட்டவரும் இடம் மாறிவிட்டார்கள்

"கானெம் பூவெர் வீதெத்" என்பதற்கு "நாய் சிறுவனைப் பார்க்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

*முதலில் நிற்பதை எழுவாய் என்று எடுத்தீர்களா?* பத்தில் எட்டுக் கொப்பிகளில் இதுதான் காரணம் என்று துணிந்து சொல்வேன். சொல்லின் ஈற்றை மட்டும் பாருங்கள். 'கானெம்' என்பதில் உள்ள 'எம்' நம்முடைய 'ஐ'. லத்தீன் ஒழுங்கை மாற்றாமல் வாய்விட்டுச் சொல்லுங்கள்: நாயைச் சிறுவன் பார்க்கிறான். சொல்லுக்குச் சொல் அப்படியே உட்காருகிறது, எதையும் நகர்த்த வேண்டியதில்லை.

*ஈறு இரண்டு வேற்றுமைக்கும் பொதுவா?* ஆணும் பெண்ணுமல்லாத மூன்றாம் பாற் பெயர்களுக்கு எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் ஒரே வடிவம்தான். அப்போது வினையைப் பாருங்கள். வினை ஒருமையானால் பன்மைப் பெயர் பெரும்பாலும் எழுவாய் அல்ல.

*சொல்லையே வேறு சொல்லாக எடுத்தீர்களா?* "ரேக்குவியெம் எத்தேர்னாம் தோனா ஏயிஸ், தோமினே." இதில் 'தோனா' என்பதைப் 'பரிசுகள்' என்று எடுத்துவிட்டால் வாக்கியம் எங்கேயும் போகாது. அந்த வடிவம் 'கொடு' என்ற ஏவலாகவும் வரும். "நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்குத் தந்தருளும், ஆண்டவரே" என்று நம் சேமக்காலைகளில் செபிப்பது இதைத்தான். 'லீபெர்' புத்தகமாகவும் வரும், 'விடுதலையுள்ளவன்' என்றும் வரும். 'வேனித்' வருகிறான் என்றும் ஆகும், வந்தான் என்றும் ஆகும், எழுத்தில் வேறுபாடு தெரியாது. முன்பின் வாக்கியங்களின் காலத்தைக்கொண்டுதான் தீர்க்க முடியும்.

அறிகுறி: ஒரு சொல் எங்கும் பொருந்தாமல் மிஞ்சி நிற்கிறது

புனித பத்திரிசியார் கல்லூரியின் மகுடவாசகம் "ஃபீதே எத் லபோரே". இதை "விசுவாசமும் உழைப்பும்" என்று எழுதிக்கொண்டுவருபவர்கள் அதிகம். அதில் ஒரு உருபு காணாமற்போய்விட்டது. அந்த இரண்டு பெயர்களும் எழுவாய் வடிவத்தில் இல்லை. "விசுவாசத்தாலும் உழைப்பாலும்" என்பதே சரி.

மிஞ்சி நிற்கும் சொல் பெரும்பாலும் இந்த வேற்றுமையில்தான் இருக்கும். லத்தீன் இலக்கணத்தில் அதற்கு 'அப்லாத்திவுஸ்' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் படித்த எட்டு வேற்றுமைகளை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். நம்முடைய மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகள் செய்கிற வேலைகளை லத்தீனில் இந்த ஒன்றே செய்கிறது. எனவே ஒவ்வொரு உருபாகப் போட்டுப் பாருங்கள்: ஆல், ஓடு, இலிருந்து, இல், விட. ஏதாவது ஒன்று பொருந்தும். பரியோவான் கல்லூரியின் "லுக்ஸ் இன் தெனேப்ரிஸ் லூச்செத்" என்பதில் 'இன்' என்ற முன்னிடைச்சொல் வந்து 'இல்' என்று முடிவுசெய்துவிடுகிறது: ஒளி இருளில் ஒளிர்கிறது. அதே 'இன்' செயப்படுபொருள் ஈற்றோடு வந்தால் 'இருளுக்குள்' என்று நகர்வைக் காட்டும்.

'கும்' என்ற சொல் அருகில் இருந்தால் அதை அடுத்துப் பெயரா வினையா என்று பாருங்கள். இந்த வேற்றுமைப் பெயரைப் பிடித்திருந்தால் 'ஓடு'. ஒரு வினையைத் தலைமை தாங்கினால் 'போது', 'ஆல்', 'ஆயினும்' மூன்றில் ஒன்று.

மிஞ்சுவது 'கு' உருபுக்குரிய சொல்லானால் கவலையே வேண்டாம். "மீஹி லீபெர் எஸ்த்" என்பது "எனக்கு ஒரு புத்தகம் இருக்கிறது" என்பதேதான். இதை ஆங்கிலத்தில் திருப்பிப்போட்டுப் படித்தவர்கள்தான் இதில் இடறுகிறார்கள்.

அறிகுறி: வரிக்கு வரி 'பட்டது', 'பட்டான்'

திருத்த வருகிற கொப்பிகளில் அதிக சிவப்பு மை இந்தப் பிழைக்குத்தான் செலவாகிறது. தமிழில் செயப்பாட்டுவினை உண்டு, ஆனால் நாம் அதைச் சிக்கனமாகவே வழங்குகிறோம். கீழே உள்ள வரிசையில் போங்கள்.

*வினைக்குச் செயப்படுபொருள் ஒன்று கூடவே நிற்கிறதா?* நின்றால் அது தோற்றத்தில் மட்டும் செயப்பாட்டுவினை. "மாத்தெர் ஃபீலியும் சேக்குவித்தூர்": தாய் மகனைப் பின்தொடர்கிறாள். செயப்படுபொருள் இல்லாவிட்டாலும் இந்த வகை வினைகள் உண்டு. "பூவெர் லோக்குவித்தூர்" என்றால் சிறுவன் பேசுகிறான், பேசப்படுவதில்லை. பேசு, பின்தொடர், பிற, இற, பயன்படுத்து என்று இந்தக் குழு அளவில் சிறியது. ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவைத்தால் ஒரு தவணைக்குள் மனதில் நின்றுவிடும்.

*'எஸ்த்' என்பதை நிகழ்காலமாக எடுத்தீர்களா?* "பாப்திசாத்துஸ் எஸ்த்" என்பது ஞானஸ்நானம் பெற்றான். 'பெறுகிறான்' அல்ல. 'எஸ்த்' தனியே நின்றால் நிகழ்காலம், இறந்தகால எச்சத்தோடு சேர்ந்தால் முடிந்துபோன செயல்.

*எழுவாயே இல்லாத செயப்பாட்டுவினையா?* "தீயு புஞ்ஞாத்தும் எஸ்த்" என்பதற்கு "நீண்ட நேரம் சண்டையிடப்பட்டது" என்று எழுத வேண்டாம். நெடுநேரம் சண்டை நடந்தது. தமிழில் இதற்கு 'நடந்தது' போதும்.

*'வேண்டும்' என்ற பொருளுள்ள வடிவமா?* "லீபெர் மீஹி லெஜெந்துஸ் எஸ்த்" என்பது "புத்தகம் எனக்கு வாசிக்கப்பட வேண்டும்" என்று வந்தால் யாரோ எனக்கு வாசித்துக்காட்ட வேண்டும் என்று ஆகிவிடும். நான் இந்தப் புத்தகத்தை வாசிக்க வேண்டும் என்பதுதான் பொருள். 'மீஹி' என்ற 'கு' உருபுக்குரியவரைத் தமிழில் எழுவாயாக்குங்கள்.

*'முடிக்கப்பட்ட பூசையோடு' என்ற மாதிரி ஒரு தொடர் வந்ததா?* இதில் ஆறுதலாக நிற்க வேண்டும். "மீஸ்ஸா ஃபினீத்தா, போப்புலுஸ் தோமும் ரேதீயித்." பெயரும் எச்சமும் இரண்டும் 'அப்லாத்திவுஸ்' வேற்றுமையில், வாக்கியத்தின் மற்ற உறுப்புகளோடு ஒட்டாமல் நிற்கின்றன. தமிழில் இதற்கு வினையெச்சம் காத்திருக்கிறது: பூசை முடிந்ததும் சனங்கள் வீடு திரும்பினார்கள்.

ஆனால் எந்த வினையெச்சம் என்பதைத் தேர்ந்தெடுக்க ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எச்சத்தின் செயலைச் செய்தவரும் முற்றுவினையின் எழுவாயும் ஒருவரா? ஒருவரானால் 'செய்து' வாய்பாடு. "சாச்செர்தோஸ், லீப்ரோ ஆபெர்த்தோ, லேஜித்": குருவானவர் புத்தகத்தைத் திறந்து வாசித்தார். வேறு ஆட்களானால் 'செய்ததும்', 'செய்தபின்', 'செய்ய'. "ஊர்பே காப்த்தா, ஹோஸ்தெஸ் ஃபூஜெருந்த்" என்பதை "நகரத்தைப் பிடித்துவிட்டுப் பகைவர் தப்பியோடினர்" என்று எழுதினால் நகரத்தைப் பிடித்தவர்களே பகைவர்கள் என்று வரலாறு மாறிப்போகும். "நகரம் வீழ்ந்ததும் பகைவர் தப்பியோடினர்" என்று எழுதினால் பிடித்தவர் யார் என்ற கேள்விக்கு லத்தீன் எவ்வளவு இடம் விட்டதோ அவ்வளவு இடமே தமிழிலும் இருக்கும். யார் என்று தெரியாத நேரத்தில் இப்படி ஒரு தன்வினையைத் தேடுவதுதான் பாதுகாப்பு.

கடைசியாக 'விதேதூர்'. பார்க்கப்படுகிறான் என்று அகராதி காட்டும், ஆனால் 'தோன்றுகிறது', 'கருதப்படும்' என்பதே அதன் வழக்கமான வேலை. "குவி தாச்செத் கொன்செந்தீரே விதேதூர்" என்பதற்கு நம்மிடம் "மௌனம் சம்மதம்" என்று ஏற்கெனவே இருக்கிறது. பேச்சிலும் கட்டுரையிலும் அதையே போடுங்கள். சட்ட விடையில் மட்டும் "பேசாதிருப்பவர் உடன்படுவதாகக் கருதப்படுவார்" என்று எழுதுங்கள். ஏனென்றால் அந்தக் 'கருதப்படுவார்' என்பதில்தான் வழக்கே நிற்கும்.

அறிகுறி: 'சொன்னான்' வந்தவுடன் காலம் குழம்புகிறது

"தீக்ஸித் சே வெனீரே." ஆங்கிலத்தின் வழியாகப் போனால் உள்ளே உள்ள வினையும் இறந்தகாலமாக மாறும். அதைத் தமிழாக்கும்போது "வந்துகொண்டிருந்ததாகச் சொன்னான்" என்று முடியும். லத்தீனில் அப்படி எதுவும் இல்லை. சொன்ன நேரத்தில் இருந்தே உள்வினையின் காலம் கணக்கிடப்படுகிறது, தமிழிலும் அப்படித்தான்.

'வெனீரே' வந்தால்: தான் வருவதாகச் சொன்னான்.
'வெனீஸ்ஸே' வந்தால்: தான் வந்ததாகச் சொன்னான்.
'வெந்தூரும் எஸ்ஸே' வந்தால்: தான் வரப்போவதாகச் சொன்னான்.

இந்த மூன்றையும் மனப்பாடம் செய்தால் இந்த அறிகுறி திரும்ப வராது. 'சே' இருந்தால் 'தான்', 'ஏயும்' இருந்தால் 'அவன்', அதாவது வேறொருவன்.

அறிகுறி: யாருடைய தகப்பன், யாருக்கு எவ்வளவு மரியாதை என்று தெரியவில்லை

முதற் பகுதி எளிது. 'சூவும்' என்றால் தன், 'ஏயுஸ்' என்றால் அவனுடைய. "பேத்ருஸ் பாத்ரெம் சூவும் ஆமாத்": பேதுரு தன் தகப்பனை நேசிக்கிறான். 'ஏயுஸ்' வந்திருந்தால் அது இன்னொருவனின் தகப்பன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் ஆங்கிலக் குறிப்பேட்டை நம்பி எழுதினால் இந்த வேறுபாடு கட்டாயம் அழியும்.

இரண்டாம் பகுதியில் லத்தீன் உதவாது, நீங்களே முடிவெடுக்க வேண்டும். 'தீக்ஸித்' என்ற ஒரே வினை சொன்னான், சொன்னாள், சொன்னார், சொன்னது எல்லாமாகும். முன்வாக்கியத்தில் போய் எழுவாயைத் தேடாமல் பேனையை எடுக்காதீர்கள். 'தூ' என்பதற்குத் தமிழில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று. நம் ஊரில் 'நீர்' இன்னும் பேச்சில் உயிரோடிருப்பது பெரிய உதவி. செபத்தில் இறைவனுக்கும், கடிதத்தில் சம வயது நண்பருக்கும், ஆசிரியர் மாணவனுக்கும் 'நீர்' நன்றாகப் பொருந்தும். தகப்பன் சின்ன மகனோடு கதைக்கும்போது 'நீ'. இளையவர் மூத்தவரோடு கதைக்கும்போது லத்தீன் ஒருமையில் நின்றாலும் 'நீங்கள்' போடுங்கள். அதைப் பிழை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. மூத்தவரை 'நீ' என்று விளித்தால் லத்தீனில் இல்லாத அவமரியாதை ஒன்று தமிழில் புகுந்துவிடுகிறது.

'நோஸ்' வந்தால் கேட்பவரும் அதில் அடங்குவாரா என்று கேளுங்கள். அடங்கினால் நாம், அடங்காவிட்டால் நாங்கள். இறைவனை நோக்கிய "பாத்தெர் நோஸ்தெர்" செபம் தமிழில் அதனால்தான் "எங்கள் தந்தையே" என்று விளிக்கிறது. சபையைப் பார்த்து "ஓரேமுஸ்" என்னும்போது குருவும் சேர்ந்தே செபிப்பதால் "செபிப்போமாக". யாழ்ப்பாணம் மறைமாவட்டமான 1886ஆம் ஆண்டுக் காலத்துப் பாப்பிறை ஆவணங்களில் 'நோஸ்' ஒரே ஆளைக் குறிக்கும். தமிழ் அரச ஓலைகளின் 'நாம்' அங்கே சரியாக இருக்கும்.

அறிகுறி: எதிர்மறை புரண்டுவிட்டது

"தீமெயோ நே வேனியாத்" என்பதில் 'நே' இருப்பதால் 'வராமல்' என்று எழுதுகிறார்கள். பயத்தைச் சொல்லும் வினைக்குப் பின்னால் அது புரளும்: வந்துவிடுவானோ என்று பயப்படுகிறேன். 'நே' இருந்த இடத்தில் 'ஊத்' இருந்தால் வராமல் போய்விடுவானோ என்று. நம்முடைய 'ஓ' இந்த இடத்துக்கென்றே இருக்கிறது. "நோலி திமேரே" என்பது அஞ்சாதே. 'அஞ்ச விரும்பாதே' என்று பிரித்து எழுத வேண்டியதில்லை. இரண்டு எதிர்மறை வந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்: "நேமோ நோன் வேனித்", வராதவர் ஒருவருமில்லை.

அறிகுறி: வாக்கியம் முடியவே மாட்டேன் என்கிறது

*முற்றுப்புள்ளிக்கு அடுத்த சொல் 'குவி', 'குவே', 'குவோத்' குடும்பமா?* அப்படியானால் அது முந்திய வாக்கியத்தின் வால் அல்ல. 'இவர்', 'இதை' என்று புதிதாகத் தொடங்குங்கள். "குவோத் கும் ஆவுதிவீஸ்ஸெத்" என்றால் இதைக் கேட்டதும்.

*அந்தச் சொல்லுக்கு முன்னே பெயரே இல்லையா?* வினையாலணையும் பெயர் போடுங்கள். சட்ட மாணவர்கள் திணறுகிற "நேமோ தாத் குவோத் நோன் ஹாபெத்" இப்படித்தான் அவிழும்: தன்னிடம் இல்லாததை எவரும் கொடுக்க முடியாது. 'இல்லாததை' என்ற ஒரு சொல்லுக்குள் லத்தீனின் மூன்று சொற்கள் அடங்கிவிட்டன.

*ஒரே பெயருக்கு முன்னால் மூன்று பெயரெச்சங்கள் வரிசையாக நிற்கின்றனவா?* வாக்கியத்தை உடையுங்கள். "நேற்று வந்த, தகப்பன் வைத்தியராக இருக்கிற, இன்று நோயாக இருக்கிற சிறுவன்" என்று எழுதாமல், "நேற்று வந்த சிறுவன் இன்று நோயாக இருக்கிறான். அவனுடைய தகப்பன் வைத்தியர்" என்று எழுதினால் ஒரு பொருளும் குறையாது. பெயரெச்சம் ஒன்று நல்லது, இரண்டு தாங்கும். மூன்றாவதுக்குப் புதிய வாக்கியம் தொடங்குவது என் வழக்கம்.

*இத்தனைக்குப் பிறகும் முற்றுவினை அகப்படவில்லையா?* ஆணை, சாசனம் வகை ஏடுகளில் ஒரு வாக்கியம் ஒரு பக்கம் ஓடும். ஒரு நிபந்தனை எந்தப் பகுதியோடு சேர்கிறது என்பதில் உரிமையோ கடமையோ தங்கியிருந்தால் அங்கே நிறுத்துங்கள். திருச்சபைச் சட்டம் படித்த குருவிடமோ ரோமன்-டச்சுச் சட்டம் கற்பிப்பவரிடமோ மூலத்தோடு போங்கள். உங்கள் மொழிபெயர்ப்பை மட்டும் காட்டினால் அவர்களால் உதவ முடியாது.

அறிகுறி: பங்குப் புத்தகத்தில் திகதியும் பெயரும் குடும்பக் கதையோடு ஒத்துவரவில்லை

*இரண்டு திகதிகள் உண்டா?* 'நாத்துஸ்' அருகில் உள்ளது பிறந்த நாள், 'பாப்திசாத்துஸ்' அல்லது 'பாப்திசாவி' அருகில் உள்ளது ஞானஸ்நான நாள். பின்னதைப் பிறந்த நாளாக எடுத்து எழுதிய குடும்ப ஆவணங்கள் ஏராளம்.

*மாதம் எண்ணால் எழுதப்பட்டிருக்கிறதா?* '7ப்ரிஸ்' ஜூலை அல்ல, செப்டெம்பர். '8ப்ரிஸ்' ஒக்டோபர், '9ப்ரிஸ்' நவம்பர், '10ப்ரிஸ்' டிசெம்பர். உரோமரின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் செப்டெம்பர் ஏழாம் மாதம்.

*'கலெந்தாஸ்' என்று வருகிறதா?* உரோமர் மாதத்தின் முதல் நாளுக்கு இட்ட பெயர் அது. பங்குப் பதிவில் அரிது, உரோமாபுரியிலிருந்து வந்த ஏடுகளில் வழக்கம். "செப்டெம்பர் கலெந்தாசுக்கு முன் 18ஆம் நாள்" என்றால் அது ஓகஸ்ட் மாதம். ஓகஸ்டின் 31 நாளோடு 2 கூட்டி 18ஐக் கழித்தால் 15. தேவமாதா விண்ணேற்புத் திருநாள். தொடக்க நாளையும் முடிவு நாளையும் உரோமர் சேர்த்து எண்ணியதால்தான் அந்த 2.

*பெயரின் ஈறு விசித்திரமாக இருக்கிறதா?* "ஃபீலியுஸ் யோசேஃபி எத் மரீயே" என்றால் யோசேப்பினதும் மரியாளினதும் மகன். தகப்பனின் பெயர் 'யோசேபி' அல்ல, உருபைக் கழற்றிவிட்டு எழுதுங்கள். தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் ஈறு மாறாமல் அப்படியே கிடக்கும். ஆனால் 1847இல் இலங்கைக்கு வரத் தொடங்கிய அமலமரித் தியாகிகள் சபைக் குருக்களில் பலர் பிரெஞ்சுக்காரர். அவர்கள் எழுதிய பெயரைக் கண்ணால் வாசித்து விளங்காவிட்டால் பிரெஞ்சு தெரிந்த ஒருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். காதுக்கு உடனே பிடிபடும்.

*'சூப் கொந்திசியோனே', 'ஃபீலியுஸ் நாத்துராலிஸ்' போன்ற தொடர்கள் உண்டா?* முதலாவது நிபந்தனையோடு கொடுத்த ஞானஸ்நானம், முன்பு பெற்றிருந்தாரா என்ற ஐயம் இருந்ததைக் காட்டும். இரண்டாவது திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. இவற்றை வீட்டில் வாசித்துச் சொல்லுமுன் பங்குத்தந்தையோடு ஒரு தரம் கதையுங்கள். உயிரோடிருப்பவர்களின் மனம் நோகக்கூடும்.

விசாவுக்கோ காணி உறுதிக்கோ திருமணத்துக்கோ தேவைப்படும் பதிவை நீங்களாக மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டாம். பங்கிலிருந்து முத்திரையிட்ட சான்றிதழ் எடுங்கள். ஓரக் குறிப்புகளும் அதில் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் எண், உறுதிபூசுதல், திருமணம் முதலியவற்றை ஞானஸ்நானப் பதிவில் குறிக்கச் சொல்கிறது. மை பரவி வாசிக்க முடியாத பக்கமானால் ஈரத்தாலோ விரலாலோ துடைக்க வேண்டாம். மறைமாவட்ட ஆவணங்களைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள்.

படம் எடுக்க அனுமதி கிடைத்தால் உங்கள் பதிவை மட்டும் எடுக்காமல் பக்கம் முழுவதையும், முடிந்தால் முந்திய பக்கத்தையும் எடுங்கள். "எயோதெம் தீயே", அதாவது "அதே நாள்", என்று உங்கள் பதிவு தொடங்கினால் திகதி மேலேயுள்ள இன்னொருவரின் பதிவில்தான் இருக்கும்.